ஏழாம் ஆண்டில் வராதவர்கள்: இடுப்பு மூட்டு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களை நடக்கப் பழக்குவதும், பிறகு ஆண்டுதோறும் கூப்பிட்டு விசாரிப்பதும் என் வேலை. பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் செய்கிறேன். நீங்கள் அறுவை அரங்கில் பொருத்திய மூட்டு ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகள் கழித்து எப்படிப் படியேறுகிறது, எப்படி நாற்காலியிலிருந்து எழுகிறது என்று உங்களைவிட அடிக்கடி பார்க்கிறவள் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். சிமென்ட் இல்லாத ஸ்டெம் (தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு) பொருத்தி ஆறு ஆண்டு முடிந்திருந்தது. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு அவர் வரவே இல்லை.

"இடுப்பு எப்படிம்மா இருக்கு?"

"இடுப்புக்கு ஒரு குறையும் இல்லம்மா. தொடைதான். உக்காந்து எந்திரிச்சு முதல் நாலு அடி வைக்கிறப்போ உள்ளுக்குள்ள குத்துது. நடக்க நடக்க சரியாயிடும்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேம்மா?"

"நீங்க இடுப்பைத்தானே கேட்டீங்க."

அந்த வலிக்காக அவர் வேறோர் இடத்தில் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக நரம்பு வலிக்கான மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில் 'வலி இல்லை' என்று இருக்கிறது. எழுதியது என் கை. அன்றைக்கும் நான் இடுப்பைத்தான் கேட்டிருப்பேன்.

எழுந்ததும் முதல் சில அடிகளில் தொடையின் நடுவே குத்தும் வலி, சிமென்ட் இல்லாத ஸ்டெம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று முதலில் சந்தேகிக்கவைக்கும் அறிகுறி. உங்களுக்கு இது பாலபாடம். நோயாளிக்கு அப்படி இல்லை. ஆபரேஷன் நடந்தது இடுப்பில், வலிப்பது தொடையில், இரண்டும் ஒன்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சிமென்ட் இல்லாத ஸ்டெம்மின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வயதில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, அது நொறுங்கிப்போய் ஊன்றுகோலோடு வந்தவர்கள், இடுப்பு இறுகி உட்காரவே முடியாமல் வந்தவர்கள், இந்த ஸ்டெம்மால் எழுந்து வேலைக்குப் போனதைக் கண்ணால் கண்டவள். அவர்களில் பலருடைய பத்தாம் ஆண்டு எக்ஸ்-ரேயில் ஸ்டெம்மை எலும்பு எங்கெங்கே பற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும்போது மனம் நிறைகிறது. இவ்வளவு நல்ல பொருளைப் பற்றிய கணக்கு அரைகுறையாக இருக்கக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தத் துறையில் ஒரு கணக்கு ஏற்கெனவே ஒருமுறை தப்பாகப் போயிருக்கிறது. 1962 இல் ஜான் சார்ன்லி இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் உலோகத் தண்டையும், இடுப்புக் குழியில் பொருந்தும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தையும் எலும்பு சிமென்ட்டால் பதிக்கத் தொடங்கினார். வயதானவர்களிடம் அது அருமையாக உழைத்தது. ஓடியாடும் இளையவர்களிடம் தளர்ந்தது. தண்டைச் சுற்றி எலும்பு அரித்துப்போனது. பழி சிமென்ட்டின் மேல் விழுந்தது. 1987 இல் அதற்கு 'சிமென்ட் நோய்' என்றே பெயர் வந்தது. ஆனால் சிமென்ட்டே படாத மூட்டுகளிலும் அதே அரிப்பு வந்தபோதுதான், பெரும்பங்கு குற்றம் கிண்ணத்திலிருந்து தேய்ந்து உதிரும் பாலிஎத்திலீன் துகளுடையது என்பது உறுதியானது.

அந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. 1990களின் கடைசியிலிருந்து குறுக்குப் பிணைப்பு கூட்டிய பாலிஎத்திலீன் கிண்ணங்கள் புழக்கத்துக்கு வந்தன. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது, அரிப்பும் குறைந்தது. இப்போது வெளியாகும் ஸ்டெம் ஆய்வுகளின் ஏழு, எட்டு ஆண்டுப் பலன் பழைய ஆய்வுகளைவிட நன்றாக இருந்தால், அந்தப் புகழில் ஒரு பங்கு கிண்ணத்துக்குச் சேர வேண்டியது. அன்றைக்குச் சிமென்ட்டுக்குச் சேராத பழியைச் சேர்த்தோம். இன்றைக்கு ஸ்டெம்முக்குச் சேராத புகழைச் சேர்க்கிறோம்.

இதைப் படிக்கும் நோயாளிகளுக்காகச் சிமென்ட் இல்லாத ஸ்டெம் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடை எலும்பின் உள்குழாயைத் தண்டின் வடிவுக்குப் புரோச் என்ற அரம் போன்ற கருவியால் செதுக்கி, அதைவிடச் சற்றே பருமனான தண்டைத் தட்டி இறுக்குகிறார்கள். முதல் நாள் பிடிப்பு அந்த இறுக்கம் மட்டும்தான், சுவரில் அடித்த ஆப்பு மாதிரி. அதற்குப் பிறகு எலும்பு வளர்ந்து வந்து, சொரசொரப்பாக்கிய டைட்டானியம் மேற்பரப்பையோ நுண்துளைகளையோ, எலும்பில் உள்ள தாதுவைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட் பூச்சையோ பற்றிக்கொள்கிறது. தண்டு எலும்புக்குள் 40 மைக்ரான் அளவுக்குள் அசைந்தால் எலும்பு உள்ளே வளர்கிறது. 150 மைக்ரானைத் தாண்டி அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்கிறது. 150 மைக்ரான் என்பது ஏறக்குறைய இரண்டு தலைமுடிப் பருமன். ஒருவரின் அடுத்த இருபது ஆண்டு நடை அந்த இரண்டு முடிக்குள் அடங்கியிருக்கிறது.

நார்த்திசுவால் பிடிக்கப்பட்ட ஸ்டெம் உடனே கழன்றுவிடாது. பல பேரிடம் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். சார்லஸ் எங் 1980களில் இதற்கு ஒரு பெயரே கொடுத்தார்: நிலையான நார்ப் பிடிப்பு. எலும்பு பிடித்தது ஒரு வகை, நாரால் நிலைத்தது இரண்டாவது, நிலைக்காதது மூன்றாவது. முதல் வகையினர் பெரும்பாலும் மூட்டை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் வகையில் கணிசமானவர்களுக்குத் தொடை வலி இருக்கும். ஆனால் ரீவிஷன் (பொருத்தியதை மறுபடி அறுவை செய்து மாற்றுவது) நடந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டால் இந்த இரண்டு வகையும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான்.

இடைக்கால முடிவு என்று நீங்கள் சொல்வது ஏறத்தாழ ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை. அந்தக் காலத்தில் சிமென்ட் இல்லாத ஸ்டெம்முக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது பிடிக்குமா பிடிக்காதா என்பது முதல் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. ஸ்டெம் கீழே இறங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். துல்லியமான கதிர்ப்படம் எடுத்தால் இரண்டாம் ஆண்டுக்குள்ளேயே எது நிற்கும், எது தொடர்ந்து இறங்கும் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். அதனால் ஏழாம் ஆண்டில் '98 சதவீதம் ரீவிஷன் இல்லை' என்று நீங்கள் சொல்வது நல்ல செய்தி என்றாலும், முதல் ஆண்டில் நன்றாகப் பிடித்தது என்பதன் தொடர்ச்சிதான் அது. ஏழாம் ஆண்டுக்கே உரிய கேள்விகள் வேறு. ஸ்டெம்மின் மேல்பகுதியில் எலும்பு மெலிந்திருக்கிறதா? தொடையில் வலி வந்ததா, போனதா? இடைப்பட்ட காலத்தில் விழுந்து எலும்பு முறிந்ததா? முறிந்து பிளேட் வைத்துச் சரிசெய்தார்களா?

மேல்பகுதி மெலிவது பற்றி இரண்டு வரி. எலும்பைவிட உலோகம் பல மடங்கு விறைப்பானது. டைட்டானியக் கலவையின் விறைப்பு கோபால்ட் குரோமின் விறைப்பில் பாதி அளவுதான். ஆனாலும் எலும்புக்கு அது மிக அதிகம். சுமையைத் தண்டே வாங்கிக் கீழே இறக்கிவிடுவதால், வேலையில்லாத மேல் எலும்பு ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பின்னாளில் விழுந்தாலோ ஸ்டெம்மை மாற்ற நேர்ந்தாலோ அந்த எலும்பு வேண்டியிருக்கும். எக்ஸ்-ரே எடுக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இப்போது அந்த 98க்கு வருகிறேன்.

நூறு பேருக்குப் பொருத்தினோம் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் ஆண்டில் எழுபது பேர் வந்தார்கள். ரீவிஷன் ஆனது இரண்டு பேருக்கு. எத்தனை மூட்டு எத்தனை ஆண்டு தாங்கியது என்று காட்டும் கப்லான்-மேயர் வரைபடம் என்ன செய்கிறது? வராத முப்பது பேரும் வந்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, 98க்குச் சற்றுக் கீழே ஓர் எண்ணைத் தருகிறது. வராதவர்கள் அத்தனை பேரும் தோல்வி என்று எடுத்துக்கொண்டால் எண் 68. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வழி அந்த முப்பது பேரையும் தேடிப்போவதுதான். பதினைந்து பேரைப் பிடித்துவிட்டாலே இடைவெளி பாதியாகிவிடும்.

வராதவர்கள் நன்றாக இருப்பதால்தான் வரவில்லை என்று உங்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். பல பேர் விஷயத்தில் அது உண்மை. நான் அழைத்தவர்களில் எத்தனையோ பேர் "நான்தான் நல்லா நடக்கிறேனே, எதுக்கு வரணும்" என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் வேறு மாதிரியான பதில்களும் கேட்டிருக்கிறேன். "போன தடவை எக்ஸ்-ரே நல்லா இருக்குன்னு அனுப்பிட்டாங்க, வலிக்குதுன்னு மறுபடி எப்படிப் போய்ச் சொல்றது?" "வேற டாக்டர்கிட்டப் போய் மாத்தியாச்சு." "அப்பா தவறிட்டார். விழுந்து தொடை முறிஞ்சு படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை." கடைசியாகச் சொன்னது எந்தக் கட்டத்தில் எழுதப்படும்? 'இறப்பு, மூட்டோடு தொடர்பில்லாதது' என்றுதான். அந்த மகனிடம் பேசி முடித்துவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

வலியை அளக்க நாம் பயன்படுத்தும் ஹாரிஸ் மதிப்பெண் 1969 இல் வந்தது. மொத்தம் 100. வலிக்கு மட்டும் 44. இலேசான, எப்போதாவது வரும் வலி இருந்தால் அதில் நாலு குறையும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அவருக்கு 96 கிடைக்கும். 90க்கு மேல் போனாலே 'மிகச் சிறப்பு'. தொடைக்குள் குத்தும் அந்த அம்மா மிகச் சிறப்பான முடிவு. இந்த அளவுகோல் வந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடப்பதே அன்றைக்கு அதிசயம். பெரிய மாற்றத்தை அளக்க அந்தக் கோல் போதும். நல்ல முடிவுக்கும் மிக நல்ல முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க அது போதாது. 2012 இல் வெளியான 'மறந்த மூட்டு' கேள்வித்தாள் பன்னிரண்டே கேள்விகளில் நேரே விஷயத்துக்கு வருகிறது: படுக்கையில் இருக்கும்போது, படியேறும்போது, இன்ன வேலை செய்யும்போது உங்கள் செயற்கை மூட்டு நினைவுக்கு வருகிறதா? இந்தக் கேள்விக்கு நோயாளிகள் யோசித்துப் பதில் சொல்கிறார்கள். அதையே நான் அதிகம் நம்புகிறேன்.

நான் மிகவும் வருந்துவது வயதானவர்களைப் பற்றி.

நாடுதழுவிய இடுப்பு மூட்டுப் பதிவேடுகள் ஸ்வீடனில் 1979 இல் தொடங்கின. பின்லாந்து, நார்வே, டென்மார்க், ஆஸ்திரேலியா, 2003 இல் இங்கிலாந்தும் வேல்ஸும் என்று பரவின. இந்தப் பதிவேடுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 75 வயதைக் கடந்தவர்களுக்குச் சிமென்ட் வைத்த ஸ்டெம்மில் ரீவிஷன் குறைவு. வயது குறையக் குறைய அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. காரணமும் தெளிவு. மெலிந்த சுவரும் அகன்ற குழாயுமாக, டார் வகைப்பாட்டில் 'சி' என்று நீங்கள் எழுதும் எலும்பில் ஆப்பைத் தட்டி இறுக்கும்போது அரங்கிலேயே விரிசல் விடலாம். விடாவிட்டாலும், வீட்டுக்குப் போன சில வாரங்களில் ஒரு சிறு தடுக்கலில் எலும்பு பிளக்கலாம். குறிப்பாகப் பெண்களுக்கு. இது தெரிந்தும் எல்லா வயதினருக்கும் சிமென்ட் இல்லாத ஸ்டெம் கூடிக்கொண்டே போவதை 'சிமென்ட் இல்லா முரண்' என்று உங்கள் இதழ்களே எழுதியிருக்கின்றன.

தொடை எலும்புக் கழுத்து முறிந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் செய்யும் பாதி மூட்டு மாற்றத்தை (கிண்ணம் இல்லாமல், தொடை எலும்புப் பக்கத்தை மட்டும் மாற்றுவதை) வைத்து நடந்த வைட்-5 ஆய்வு 2022 இல் வெளியானது. 1,225 பேர். சிமென்ட் வைத்தவர்களில் ஸ்டெம்மைச் சுற்றி முறிவு 0.5 சதவீதம், நவீன சிமென்ட் இல்லாத ஸ்டெம்மில் 2.1 சதவீதம். நாலாவது மாதத்தில் வாழ்க்கைத் தரமும் சிமென்ட் வைத்தவர்களுக்கே மேல். அது முழு மூட்டு மாற்றம் அல்ல, தேய்மானத்துக்காகச் செய்ததும் அல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் எலும்பு அதே வயதான எலும்புதானே?

சிமென்ட்டுக்கும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கவில்லை. சிமென்ட்டை அழுத்தி இறக்கும்போது ரத்த அழுத்தம் சரிவதையும், மயக்க மருத்துவர் பதறுவதையும் நீங்கள் நேரில் பார்த்தவர்கள். இதய நோய் முற்றிய ஒருவருக்குச் சிமென்ட் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அதைக் கேள்வி கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்பதெல்லாம், அந்த முடிவு அந்த ஒருவருக்காக எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது. கை பழகிய ஒரே ஸ்டெம் அதுதான் என்பதற்காக எடுத்ததாக இருக்கக்கூடாது. சிமென்ட் பதிக்கும் கை நுட்பம் இளைய மருத்துவர்களிடம் அருகிவருவதைப் பார்க்கிறேன். மறந்த பிறகு தேவைப்பட்டால் யார் சொல்லித் தருவார்கள்?

இந்த முறிவுகள் கணக்கில் எப்படித் தொலைகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டெம் உறுதியாக நின்று எலும்பு மட்டும் முறிந்தால், வான்கூவர் வகைப்பாட்டில் அது பி-1. ஸ்டெம்மைத் தொடாமல் பிளேட்டும் கம்பியும் வைத்துச் சரிசெய்கிறீர்கள். ஸ்டெம்மை மாற்றவில்லை, எனவே பல பதிவேடுகளில் அது ரீவிஷன் ஆகாது. நோயாளிக்கு அது முதல் ஆபரேஷனைவிடப் பெரிய ஆபரேஷன். வாக்கரில் தொடங்கி மறுபடி முதல் அடியிலிருந்து நான் நடக்கப் பழக்கியிருக்கிறேன். அவரிடம் போய் "உங்கள் மூட்டு நூற்றுக்கு நூறு பிழைத்திருக்கிறது" என்று சொல்ல முடியுமா?

பதிவேடுகளுக்கும் தனித்தனி மருத்துவர்களின் தொடர்களுக்கும் (தம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து அவர்களே எழுதும் ஆய்வுகளுக்கும்) உள்ள தூரம் சின்னதல்ல. 2019 இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வில், 25 ஆண்டு தாங்கும் இடுப்பு மூட்டுகள் மருத்துவர்களின் தொடர்களில் சுமார் 78 சதவீதம், பதிவேடுகளில் 58 சதவீதம். கைதேர்ந்த ஒருவர், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குச் செய்தது ஒன்று. எல்லோரும் எல்லோருக்கும் செய்தது மற்றொன்று. தங்கள் தொடரின் 98ஐ நோயாளியிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நார்வேயின் பதிவேடு இல்லாவிட்டால் போன்லாக் என்ற சிமென்ட்டின் கேடு இன்னும் எத்தனை ஆண்டு வெளியே தெரியாமல் இருந்திருக்கும்? 1995 இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது யாருடைய திறமையும் அல்ல, ஒருவர் விடாமல் எண்ணியதுதான்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. ஆய்வெழுதும்போது வராதவர்கள் எத்தனை பேர் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்; அவர்களைத் தேட என்ன செய்தீர்கள் என்பதையும். ரீவிஷன் எண்ணுக்குப் பக்கத்தில், எந்தக் காரணத்துக்காக ஆனாலும் அதே தொடையில் மறுபடி கத்தி வைத்த எண்ணையும் எழுதுங்கள். வயதைப் பிரித்துக் காட்டுங்கள். 45 வயதுக்காரரையும் 80 வயதுக்காரரையும் ஒரே சராசரியில் போட்டால் இரண்டு பேருக்கும் அதில் பயனில்லை. கழுத்துக்கீழ் விளிம்பு (காலர்) உள்ள ஸ்டெம்கள் ஆரம்பகால முறிவைக் குறைப்பதாக இங்கிலாந்துப் பதிவேட்டை வைத்து 2019 இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. வயதானவருக்குச் சிமென்ட் இல்லாமல்தான் என்று முடிவானால் அதையாவது யோசியுங்கள். அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "தொடையில் வலி வந்தாலும் எங்களிடம்தான் வர வேண்டும்." அந்த ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் அந்த அம்மா முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கமாட்டார்.

வலி இல்லாவிட்டாலும் ஐந்தாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு ஒரு எக்ஸ்-ரே. தொலைவு காரணமாக வர முடியாதவர் அவருக்குப் பக்கத்தில் எடுத்து அனுப்பட்டும். அழைக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அழைக்க நான் இருக்கிறேன். என்னைப் போல ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் இருப்பார். எங்களுக்கு வேண்டியது வாரத்தில் ஓர் அரை நாளும், நாங்கள் எழுதிவைப்பதைப் படிக்க உங்களில் ஒருவரும்.

நான் கேட்கும் கேள்வியை மாற்றிவிட்டேன். இப்போது இடுப்பைக் கேட்பதில்லை. "எழுந்ததும் முதல் அடி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

அந்த அம்மா வந்தார். எக்ஸ்-ரே எடுத்தோம். ஸ்டெம்மின் நுனிக்குக் கீழே எலும்பு ஒரு மேடை கட்டியிருக்கிறது. தண்டைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. எலும்பு தண்டைப் பற்றவில்லை என்பதன் அடையாளங்கள் இவை. முதல் ஆண்டுப் படத்தோடு வைத்துப் பார்த்தால் ஸ்டெம் இறங்கியிருப்பது எனக்கே தெரிகிறது. அறுவைக்கு அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இந்த ஆண்டின் கணக்கை முடித்தால், அவர் 98க்குள்தான் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளை நடக்கப் பழக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்